ஒப்புதல் வேறு, செல்வாக்கு வேறு: புதிய அமெரிக்க அதிபர்களின் தொடக்க எண்கள்



அமெரிக்காவில் புதிய அதிபர் ஒருவர் ஜனவரி 20ஆம் நாள் பதவி ஏற்கிறார். அடுத்த சில நாள்களிலேயே அவரைப் பற்றிய ஓர் எண் உலக நாளேடுகளில் வெளிவந்துவிடுகிறது. நம் தமிழ்ச் செய்திகளும் அந்த எண்ணைத் தருகின்றன. எண்ணில் பிழை இருப்பதில்லை. எண்ணைத் தாங்கி வரும் சொல்தான் இடத்துக்கு இடம் மாறுகிறது. ஒரு செய்தி, ‘57 விழுக்காட்டினர் ஒப்புதல்’ என்று எழுதும். மற்றொன்று, ‘57 விழுக்காட்டினர் ஆதரவு’ என்று எழுதும். மூன்றாவது, ‘அதிபரின் செல்வாக்கு 57 விழுக்காடு’ என்று எழுதும். வாசிப்பவர் மூன்றையும் ஒன்றாகவே கொள்கிறார். ஆயினும் இம்மூன்று சொற்களும் மூன்று வெவ்வேறு செய்திகளைச் சொல்கின்றன.

மொழியியலைக் கற்பித்து ஓய்வுபெற்ற நமக்கு அரசியல் ஆய்வில் என்ன வேலை என்று கேட்கலாம். கருத்துக்கணிப்பு என்பது ஒரு வினாவும் அதற்குரிய விடைகளும் ஆகும். வினாவையும் விடையையும் வகைப்படுத்தும் வேலையைத் தமிழ் இலக்கணம் நெடுங்காலமாகவே செய்துவருகிறது. ஆகவே இங்குப் பேச நமக்குச் சிறிது உரிமை உண்டு என்றே கருதுகிறோம்.

நாம் இன்று நிறுவ விரும்புவது ஒன்றே. தொடக்க நாள்களில் மக்கள் தருவது ஒப்புதல். அதிபரின் செயல்திட்டம் நிறைவேறத் தேவைப்படுவது செல்வாக்கு. முன்னது பின்னதாக மாறுமா என்பதே ஒவ்வொரு புதிய அதிபரின் முதல் ஆண்டிலும் ஆராயப்பட வேண்டிய வினா. முதல் வாரத்திலேயே அந்த எண்ணுக்குச் ‘செல்வாக்கு’ என்று பெயர் சூட்டிவிட்டால், ஆராய வேண்டிய வினாவுக்கு மொழிபெயர்ப்பிலேயே விடை எழுதியவர்கள் ஆகிறோம்.

அதிபர் என்னும் சொல்

முதலில் ‘அதிபர்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். இந்தியாவின் தலைவரைக் ‘குடியரசுத் தலைவர்’ என்கிறோம். இலங்கைத் தமிழர் தம் நாட்டுத் தலைவரை ‘ஜனாதிபதி’ என்பர். அவர்களிடத்தில் ‘அதிபர்’ என்றால் பள்ளித் தலைமையாசிரியர். சிங்கப்பூரில் நாட்டுத் தலைவரே அதிபர். இங்குள்ள மாணவர் ஒருவர் ‘அமெரிக்க அதிபர்’ என்று படிக்கும்போது, அவர் மனத்தில் முதலில் எழும் உருவம் சிங்கப்பூர் அதிபருடையதாகவே இருக்கும்.

இரு பதவிகளும் தன்மையில் வேறானவை. சிங்கப்பூர் அதிபரை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2023ஆம் ஆண்டுத் தேர்தலில் திரு தர்மன் சண்முகரத்னம் 70.4 விழுக்காட்டு வாக்குகளைப் பெற்றார். ஆனால் நாட்டின் அன்றாட ஆட்சியைப் பிரதமரும் அமைச்சரவையும் நடத்துகின்றனர். சேமிப்பு நிதி, உயர்பதவி நியமனம் போன்றவற்றில் காவல் அதிகாரம் உடையவர் அதிபர். சட்டம் இயற்றுவதற்கான செயல்திட்டம் எதையும் அவர் முன்வைப்பதில்லை.

அமெரிக்க அதிபரோ அரசின் தலைவராகவும் நாட்டின் தலைவராகவும் ஒருங்கே இருப்பவர். தேர்தலில் ஒரு செயல்திட்டத்தை முன்வைத்தே வெல்கிறார். ஆயினும் அத்திட்டத்தைச் சட்டமாக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை. அது ‘காங்கிரஸ்’ எனப்படும் நாடாளுமன்றத்திடம் இருக்கிறது. பிரதிநிதிகள் அவையில் 435 பேர். செனட் அவையில் 100 பேர். அதிபர் அவர்களுள் ஒருவர் அல்லர். நம் நாடுகளில் நாடாளுமன்றப் பெரும்பான்மையைக் கொண்டவரே பிரதமர் ஆவதால், அவர் கொண்டுவரும் மசோதா பெரும்பாலும் நிறைவேறிவிடுகிறது. அமெரிக்க அதிபருக்கு அந்த உறுதி இல்லை. தம் கட்சிக்கு இரு அவைகளிலும் பெரும்பான்மை இருந்தாலும் அவர் இணங்கவைத்தே காரியம் முடிக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் மக்கள் அவரைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்ற எண்ணுக்கு அங்கு இவ்வளவு மதிப்பு.

வினாவின் வரலாறு

ஜார்ஜ் கேலப் 1935ஆம் ஆண்டில் தம் கருத்துக்கணிப்பு நிறுவனத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே அதற்குப் பெரும் சோதனை வந்தது. ‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்னும் இதழ், 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட அஞ்சல் விடைகளைத் திரட்டி, ரூசவெல்ட் தோற்பார் என்று அறிவித்தது. அதனோடு ஒப்பிட மிகச் சிறிய மாதிரியைக் கொண்டிருந்த கேலப், ரூசவெல்ட் வெல்வார் என்றார். ரூசவெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ வென்றார். அந்த இதழ் தொலைபேசி வைத்திருந்தோர், மகிழுந்து வைத்திருந்தோர் ஆகியோரின் பட்டியல்களைப் பெரிதும் நம்பியிருந்தது. வறுமை மிகுந்த அக்காலத்தில் அவ்விரண்டும் இல்லாதவரே பலர். எத்தனை பேரைக் கேட்டோம் என்பதைக் காட்டிலும் யாரைக் கேட்டோம் என்பதே முதன்மையானது என்பதை உலகம் அன்று கற்றுக்கொண்டது.

அதன்பின் கேலப் நிறுவனம் அதிபரைப் பற்றிய ஒரு வினாவைத் திரும்பத் திரும்பக் கேட்கத் தொடங்கியது. ட்ரூமன் காலத்தில் அவ்வினா நிலையான வடிவம் பெற்றது. தமிழில் அதனை இவ்வாறு கூறலாம்: ‘அதிபர் தம் பணியை ஆற்றும் முறையை ஏற்கிறீர்களா, ஏற்க மறுக்கிறீர்களா?’ அவரை விரும்புகிறீர்களா என்பது வினா அன்று. மீண்டும் வாக்களிப்பீர்களா என்பதும் அன்று. அவருடைய வரித் திட்டம் நல்லதா, மருத்துவத் திட்டம் நல்லதா என்பதும் அன்று. பணியாற்றும் முறை பற்றியதே வினா.

நன்னூலார் வினாவை ஆறு வகையாகவும் விடையை எட்டு வகையாகவும் பகுத்ததை ஆசிரியர்கள் அறிவீர்கள். மேற்கண்ட வினா, ‘இதுவோ அதுவோ’ என்று இரண்டை நிறுத்திக் கேட்பதால் வடிவில் ஐயவினாவைப் போன்றது. தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்பதால் நோக்கத்தில் அறியாவினா. அதற்கு இடப்பட்டுள்ள விடைகள் இரண்டே: உடன்படும் நேர்விடை, உடன்படாத மறைவிடை. இரண்டிலும் அடங்காதவர் ‘கருத்து இல்லை’ என்ற கட்டத்தில் சேர்க்கப்படுகிறார்.

இங்கு நன்னூலின் வேறு இரண்டு விடை வகைகள் நமக்கு உதவுகின்றன. ஒன்று உற்றது உரைத்தல். நடந்ததைச் சொல்லி விடையளிப்பது. மற்றொன்று உறுவது கூறல். நடக்கப்போவதைச் சொல்லி விடையளிப்பது. ‘ஆடுவாயா?’ என்று கேட்டால், ‘கால் வலித்தது’ என்பது முன்னது. ‘கால் வலிக்கும்’ என்பது பின்னது. பதவியில் மூன்று ஆண்டுகள் இருந்த அதிபரைப் பற்றி வினவும்போது மக்கள் தருவது பெரிதும் உற்றது உரைத்தல். பதவியேற்று பத்து நாளே ஆன அதிபரைப் பற்றி அவர்கள் எதனைக் கண்டு சொல்ல முடியும்? அப்போது கிடைப்பது உறுவது கூறலே. வினா ஒன்றுதான், எண்ணின் வடிவமும் ஒன்றுதான், விடையின் வகை மாறிவிட்டது. தொடக்க எண்ணையும் மூன்றாம் ஆண்டு எண்ணையும் ஒரே கோட்டில் வரைந்து, ‘சரிந்துவிட்டது’ என்று எழுதும் வரைபடங்கள் இந்த வேறுபாட்டை மறைத்துவிடுகின்றன. நம்பிக்கையாக இருந்த ஒன்று தீர்ப்பாக மாறுவதையே நாம் சரிவு என்று காண்கிறோம்.

51 என்னும் எண்ணும் அதன் துணை எண்களும்

எண் தனியே வருவதில்லை. 1981இல் பதவியேற்ற ரீகனின் முதல் ஒப்புதல் 51 விழுக்காடு. 1989இல் பதவியேற்ற மூத்த புஷ்ஷுக்கும் அதே 51. இந்த எண்ணை மட்டும் கண்டவர், நாடு அவர்கள் விஷயத்தில் இரண்டாகப் பிளந்திருந்தது என்றே எண்ணுவார். உண்மை வேறு. ரீகனை ஏற்க மறுத்தவர் 13 விழுக்காட்டினர். கருத்து இல்லை என்றவர் 36 விழுக்காட்டினர். புஷ்ஷை மறுத்தவர் 6 விழுக்காட்டினரே. கருத்து இல்லை என்றவர் 43 விழுக்காட்டினர். அவர்கள், ‘பொறுத்துப் பார்ப்போம்’ என்று காத்திருந்தவர்கள்.

2017இல் டிரம்ப் பதவியேற்றபோது ஏற்றவர் 45, மறுத்தவர் 45, கருத்து இல்லாதவர் 10 விழுக்காடு. ரீகனுக்கும் டிரம்புக்கும் இடையே ஒப்புதலில் உள்ள வேறுபாடு ஆறு புள்ளிகளே. மறுப்பில் உள்ள வேறுபாடு 32 புள்ளிகள். 2025இல் அவர் மீண்டும் வந்தபோதும் ஏற்றவர் 47, மறுத்தவர் 48 என்று மக்கள் முன்பே பிரிந்து நின்றனர். காத்திருந்து பார்க்கும் பெருங்கூட்டம் இடைப்பட்ட காலத்தில் கரைந்துவிட்டது. ஐசனோவரை மாற்றுக் கட்சியினரில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஏற்றிருந்தனர். அண்மைக்கால அதிபர்களுக்கோ மாற்றுக் கட்சியினரிடையே ஒற்றை இலக்க ஒப்புதல் கிடைப்பதே வழக்கமாகிவிட்டது.

தமிழில் எழுதுவோர் இங்கு ஒரு கண்ணியில் சிக்குவது எளிது. ‘ஏற்கவில்லை’ என்ற நம் எதிர்மறை வினைக்கு இரண்டு பொருள் உண்டு. எதிர்க்கிறார் என்பது ஒன்று. ஏற்கும் செயல் இன்னும் நிகழவில்லை என்பது மற்றொன்று. ரீகனைப் பற்றி, ‘49 விழுக்காட்டினர் ஏற்கவில்லை’ என்று எழுதினால் இலக்கணப்படி பிழை இல்லை. வாசிப்பவரோ 49 விழுக்காட்டினர் எதிர்த்தனர் என்றே கொள்வார். எதிர்த்தவர் 13 விழுக்காட்டினரே. ஆகவே ‘ஏற்க மறுத்தோர்’ என்றும் ‘கருத்துக் கூறாதோர்’ என்றும் பிரித்து எழுதும் பழக்கம் வேண்டும். இது நடையழகு பற்றிய கருத்து அன்று. செய்தியின் உண்மை இதனைப் பொறுத்தே நிற்கிறது.

மேலும், ஆயிரம் பேரைக் கேட்டு எடுக்கும் கணிப்பில் மூன்று அல்லது நான்கு புள்ளிகள் அளவுக்குப் பிழை எல்லை உண்டு. 57 என்பது 55 ஆனவுடன் ‘வீழ்ச்சி’ என்று தலைப்பிடுவது அந்த எல்லையை அறியாதார் செயல்.

ஒப்புதல், ஆதரவு, செல்வாக்கு

இனி அம்மூன்று சொற்களையும் நெருங்கிப் பார்ப்போம்.

‘ஒப்பு’ என்ற வினை இசைவதையும் உடன்படுவதையும் குறிக்கும். ‘ஒப்புக்கொண்டான்’ என்றால் வாதிடுவதை நிறுத்தி இசைந்தான் என்பது பொருள். ‘ஒப்புக்குச் செய்தான்’ என்னும் பேச்சுவழக்கு, மனம் ஒன்றாமல் பெயரளவில் செய்ததைக் குறிக்கிறது. ஒப்புதலில் உள்ளார்ந்த இசைவும் இருக்கலாம், வெறும் மரியாதையும் இருக்கலாம் என்பதை மொழியே நமக்குக் காட்டித் தருகிறது. புதிய அதிபருக்கு மக்கள் தரும் ஒப்புதலுக்கு இச்சொல் மிகப் பொருத்தமானது.

‘ஆதரவு’ வடமொழி வழி வந்து நம்மிடையே தாங்குதல் என்ற பொருளில் வேரூன்றியது. ‘ஆதரவற்றோர் இல்லம்’ என்ற தொடரை எண்ணிப் பாருங்கள். ஆதரவு தருபவர் துன்ப நேரத்திலும் உடன் நிற்பவர். கருத்துக்கணிப்பில் ‘ஏற்கிறேன்’ என்று சொன்ன ஒருவர், அதிபரின் மசோதாவுக்காகத் தம் தொகுதி உறுப்பினருக்கு ஒரு கடிதமேனும் எழுதுவாரா? எழுதினால் அது ஆதரவு. எழுதுவார் என்பதற்குத் தொடக்க எண்ணில் எந்தச் சான்றும் இல்லை.

‘செல்வாக்கு’ என்பது செல்கின்ற வாக்கு. ஒருவர் சொன்ன சொல் சென்று சேர்ந்து செயலாகிறது, அதுவே செல்வாக்கு. வாக்கு என்ற சொல் பின்னர்த் தேர்தல் வாக்கையும் குறிக்க வந்தது, இங்கு நமக்குக் கூடுதல் பயன் தருகிறது. அதிபரின் வாக்கு காங்கிரஸ் உறுப்பினரின் வாக்காக மாறினால் அவருக்குச் செல்வாக்கு உண்டு. இந்தப் பொருளில் செல்வாக்கு மக்களின் கணிப்பில் அளக்கப்படுவதில்லை; அவையில் வாக்கெடுப்பு முடிந்த பிறகே அளக்கப்படுகிறது.

எண்ணும் செயல்திட்டமும்: ஐந்து அதிபர்கள்

ஒப்புதல் எப்போது செல்வாக்காகிறது? வரலாற்றைப் பார்ப்போம்.

ட்ரூமன் 1945 ஏப்ரலில் ரூசவெல்ட் மறைந்ததால் அதிபரானார். அவருடைய முதல் ஒப்புதல் 87 விழுக்காடு. அவ்வாண்டு செப்டம்பரில் 21 அம்சத் திட்டத்தைக் காங்கிரஸுக்கு அனுப்பினார். அதில் பல அம்சங்கள் தேங்கின. முழு வேலைவாய்ப்பு மசோதா நீர்த்துப்போன வடிவிலேயே 1946இல் சட்டமானது. 1946 இலையுதிர் காலத்தில் ஒப்புதல் 33 விழுக்காடு அளவுக்கு இறங்கியது. நவம்பர்த் தேர்தலில் அவருடைய கட்சி இரு அவைகளையும் இழந்தது. அந்த 87 பெரிதும் மறைந்த தலைவருக்கான துயரமும், போர்க்கால ஒற்றுமையும் தந்த எண். திட்டத்தை யாரும் அப்போது அறிந்திருக்கவில்லை.

கார்ட்டரின் முதல் ஒப்புதல் 66. இரண்டே மாதத்தில் 75 ஆயிற்று. இரு அவைகளிலும் அவர் கட்சிக்கு மிகப் பெரிய பெரும்பான்மை இருந்தது. 1977 ஏப்ரலில் எரிசக்தித் திட்டத்தை முன்வைத்தார். பிரதிநிதிகள் அவை சில மாதங்களில் நிறைவேற்றியது. செனட்டில் அது சிக்கிக்கொண்டது. 1978 நவம்பரில், பெரிதும் மாறிய வடிவில்தான் அதில் அவர் கையெழுத்திட முடிந்தது. எரிபொருள் விலையை உயர்த்தும் சட்டத்துக்கு வாக்களித்துவிட்டுத் தம் தொகுதிக்குத் திரும்ப வேண்டியவர்கள் உறுப்பினர்கள்தாம். நாட்டு மக்கள் 75 விழுக்காட்டினர் அதிபரை ஏற்பது அவர்களுக்குப் போதிய காப்பாகத் தோன்றவில்லை.

ரீகன் 51இல் தொடங்கினார். 1981 மார்ச் 30ஆம் நாள் அவர்மீது கொலை முயற்சி நடந்தது. மீண்டு வந்த அவருடைய ஒப்புதல் மே மாதத்தில் 68 ஆக உயர்ந்தது. அந்தச் சில மாதங்களில் அவர் பொருளாதாரம் ஒன்றையே முன்னிறுத்தினார். மாற்றுக் கட்சியின் பெரும்பான்மை கொண்ட பிரதிநிதிகள் அவையில் அவருடைய வரிக்குறைப்பு மசோதா 238க்கு 195 என்ற கணக்கில் வென்றது. தென் மாநிலங்களைச் சேர்ந்த எதிர்க்கட்சி உறுப்பினர் பலர் அவர் பக்கம் வாக்களித்தனர். அவர்களுடைய தொகுதிகளில் அவருக்கு இருந்த மதிப்பை அவர்கள் அறிந்திருந்தனர். 1983 ஜனவரியில் அவருடைய ஒப்புதல் 35 விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டது. சட்டமோ அதற்கு முன்பே நிறைவேறியிருந்தது.

கிளிண்டன் 58இல் தொடங்கி, 1993 ஜூனில் 37க்கு இறங்கினார். ஆயினும் ஆகஸ்டில் அவருடைய வரவுசெலவுத் திட்டம் பிரதிநிதிகள் அவையில் 218க்கு 216 என்றும், செனட்டில் துணையதிபர் அல் கோரின் வாக்கால் 51க்கு 50 என்றும் நிறைவேறியது. மாற்றுக் கட்சியிலிருந்து ஒரு வாக்கும் வரவில்லை. அடுத்த ஆண்டில் அவருடைய மருத்துவக் காப்புத் திட்டம் வாக்கெடுப்பு நிலையையே எட்டாமல் கைவிடப்பட்டது. தேர்தலில் இரு அவைகளும் கைமாறின.

ஒபாமாவின் முதல் ஒப்புதல் 68 விழுக்காட்டை ஒட்டியது. 2009 பிப்ரவரியில் அவர் கொண்டுவந்த 787 பில்லியன் டாலர் பொருளாதார மீட்புச் சட்டத்துக்குப் பிரதிநிதிகள் அவையில் குடியரசுக் கட்சியினர் ஒருவர்கூட வாக்களிக்கவில்லை. செனட்டில் மூவர் மட்டும் வாக்களித்தனர். அவருடைய மருத்துவச் சட்டம் 2010 மார்ச்சில் நிறைவேறியபோது ஒப்புதல் ஏறத்தாழ 50க்கு வந்திருந்தது. இதற்கு நேர்மாறாக, 45இல் தொடங்கிய டிரம்ப், 40க்கும் கீழே இருந்த நிலையில், 2017 டிசம்பரில் தம் வரிச் சட்டத்தை நிறைவேற்றினார்.

நிரல் என்பது வரிசை

இவ்வரலாறு சொல்வது என்ன? உயர்ந்த எண்ணுடன் தொடங்கியவர் தோற்றிருக்கிறார்; நடுத்தர எண்ணுடன் தொடங்கியவர் வென்றிருக்கிறார். அப்படியானால் இந்த எண் பயனற்றதா என்று மாணவர் கேட்கலாம். பயன் உண்டு; அது செயல்படும் வழிதான் வேறு.

ரிச்சர்ட் நியூஸ்டாட் 1960இல் வெளியிட்ட தம் நூலில், அதிபரின் வலிமை இணங்கவைக்கும் வலிமையே என்று வாதிட்டார். மக்களிடையே அதிபருக்குள்ள மதிப்பு நேராகச் சட்டத்தை நிறைவேற்றுவதில்லை. ‘இவரை எதிர்த்தால் என் தொகுதியில் எனக்கு என்ன நேரும்?’ என்று உறுப்பினர் தமக்குள் கேட்டுக்கொள்ளும் வினாவுக்கு அது ஒரு பின்னணியாகிறது. பிரதிநிதிகள் அவை உறுப்பினர் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வாக்காளர் முன் நிற்கிறார். நாடு முழுமைக்குமான எண் அவருக்கு முதன்மையானதன்று. தம் தொகுதியின் எண்ணே முதன்மையானது. நாட்டில் 60 விழுக்காடு ஒப்புதல் உள்ள அதிபருக்கு ஒரு தொகுதியில் 30 மட்டுமே இருக்கலாம். ஒபாமாவுக்கு மாற்றுக் கட்சியின் வாக்கு கிட்டாததற்கும், ரீகனுக்குக் கிட்டியதற்கும் உள்ள வேறுபாட்டில் பெரும்பகுதி இங்கே இருக்கிறது.

பால் லைட் என்னும் ஆய்வாளர் காலத்தின் கூற்றைச் சுட்டிக்காட்டினார். அதிபருக்கு ஆட்சிமுறை பழகப் பழக, அவர் பேச்சுக்கு உள்ள மதிப்பு தேய்ந்துகொண்டே போகிறது. எப்படிச் செய்வது என்று அறியாதபோது செய்யக்கூடிய வலிமை இருக்கிறது. அறிந்துகொண்ட பிறகு வலிமை குறைந்துவிடுகிறது. ஆகவே எதை முதலில் எடுப்பது என்பதே புதிய அதிபரின் தலையாய முடிவு. நாம் கூட்டங்களில் ‘நிகழ்ச்சி நிரல்’ என்கிறோம். நிரல் என்றால் வரிசை. அதிபரின் செயல்திட்டமும் ஒரு நிரலே. அதன் முதல் வரியில் எது இருக்கிறது என்பதே பெரிதும் முடிவு செய்கிறது.

இக்காலத்தைச் செய்திகள் ‘தேனிலவு’ என்கின்றன. அதனினும் பொருத்தமான பழமொழி நம்மிடம் உண்டு: விருந்தும் மருந்தும் மூன்று நாள். விருந்தினருக்குக் கிடைக்கும் உபசாரம் அவர் செய்த காரியத்துக்கான கூலி அன்று; வந்ததற்கான மரியாதை. அது எத்தனை நாளைக்கு என்பதை அறிந்து நடப்பவரே நல்ல விருந்தினர். ஃபோர்டு 1974 ஆகஸ்டில் 71 விழுக்காட்டு ஒப்புதலுடன் தொடங்கினார். செப்டம்பர் 8ஆம் நாள் நிக்சனுக்குப் பொதுமன்னிப்பு வழங்கினார். அம்மாதம் முடிவதற்குள் ஒப்புதல் 50க்கு வந்துவிட்டது. அம்முடிவு நாட்டுக்கு நன்மையா, தீமையா என்று இன்றும் வாதிடுகிறார்கள். உறுவது கூறலாக இருந்த விடை, ஒரே நாளில் உற்றது உரைத்தலாக மாறியதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

பேச்சாற்றலால் எண்ணை உயர்த்திவிடலாமே என்று சிலர் கருதுவர். ஜார்ஜ் எட்வர்ட்ஸ் 2003இல் வெளியிட்ட ‘ஆன் டெஃப் இயர்ஸ்’ என்னும் ஆய்வு நூலின் தலைப்பே, ‘செவிடன் காதில் ஊதிய சங்கு’ என்ற நம் பழமொழியை நினைவூட்டுகிறது. பேச்சில் வல்லவராகிய அதிபர்கள்கூட மக்கள் கருத்தைத் தம் பக்கம் திருப்புவதில் பெரும்பாலும் வெற்றி பெறவில்லை என்று அவர் காட்டுகிறார். இருக்கும் சாதகத்தை உணர்ந்து பயன்படுத்தியவர்களே வென்றனர்.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்கலாம். ‘முதல் நூறு நாள்’ என்ற அளவுகோல் ரூசவெல்ட்டிடமிருந்து வந்தது. 1933 மார்ச் முதல் ஜூன் வரை காங்கிரஸ் பெருஞ்சட்டங்களை அடுத்தடுத்து நிறைவேற்றியது. அப்போது கேலப்பின் கணிப்பு பிறக்கவே இல்லை. வங்கிகள் மூடிக்கிடந்தன, வேலையில்லாத் திண்டாட்டம் நாட்டை வாட்டியது. எண் இல்லாமலே உறுப்பினர்கள் தம் தொகுதிகளின் நிலையை அறிந்திருந்தனர். செல்வாக்கு அங்கு இருந்தது. அதனை அளக்கும் எண்தான் இல்லை.

வகுப்பறைக்கு

ஆசிரியர்களுக்கு நாம் வைக்கும் வேண்டுகோள் சிறியது. இத்தகைய செய்தி ஒன்றை மாணவரிடம் தந்து, நான்கு வினாக்களைக் கேட்கச் சொல்லுங்கள். என்ன கேட்கப்பட்டது, யாரிடம் கேட்கப்பட்டது? மறுத்தோர் எத்தனை, கருத்துக் கூறாதோர் எத்தனை? அதிபரின் நிரலில் முதலாவது எது, அதற்கு எவருடைய வாக்குகள் தேவை? அந்த உறுப்பினர்களின் தொகுதிகளில் அவரைப் பற்றி என்ன கருதுகிறார்கள்? முதல் இரண்டுக்கும் கணிப்பு விடை தரும். பின்னிரண்டுக்கும் மாணவர் தாமே தேட வேண்டியிருக்கும். அந்தத் தேடலில்தான் ஓர் எண் செய்தியாகிறது.

மொழிபெயர்ப்பு பயிலும் மாணவர்களுக்கும் ஒரு சொல். கணிப்பின் எண்ணுக்கு ‘ஒப்புதல்’ என்பதே போதும். உடன் நின்று உழைக்கும் அமைப்புகளும் மக்களும் இருப்பதாகச் சான்று கிடைத்தால் ‘ஆதரவு’ என்று எழுதுங்கள். அவருடைய சொல் அவையில் சட்டமானதைக் கண்ட பிறகு ‘செல்வாக்கு’ என்று எழுதுங்கள். மூன்று சொற்களையும் நம் மொழி நமக்கு ஆயத்தமாகவே வைத்திருக்கிறது. ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வைத்தால், நம் பிள்ளைகள் விருந்தோம்பலைத் தீர்ப்பு என்று நம்பி வளர்வார்கள். தீர்ப்பு வரும்போது அதனைத் துரோகம் என்பார்கள். பிற நாட்டு அரசியலைத் தமிழில் படிக்கும் தலைமுறைக்கு அந்தக் குழப்பத்தை நாம் தரலாகாது.